முகத்துக்கு எவ்வளவு தூரம்

ஜவ்வாது மலையில் உள்ள கேமராக்களிலேயே பெரியது காவலூரில் இருக்கிறது. ஆலங்காயத்திலிருந்து காட்டுச் சாலையில் ஏறினால், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில், மரங்களுக்கு இடையே வெள்ளைக் குவிமாடங்கள் தெரியும். அவற்றில் பெரியதற்குள் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஆடி. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதைத் திட்டமிட்டுத் தொடங்கிய வானியலாளர் வைணு பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரை வைத்தார்கள். அந்த ஆடியின் முதன்மைக் குவியத்தில் எஃப் எண் 3.25. போட்டோக்காரர்கள் பாஷையில் சொன்னால், அது 7,600 மில்லிமீட்டர் லென்ஸ். கல்யாண மண்டபங்களில் தோளில் தொங்கும் 70-200-ஐ இதோடு ஒப்பிடவே முடியாது.

அதற்கு முன்பே, 1972-ல், அங்கே ஒரு மீட்டர் விட்டத் தொலைநோக்கி ஒன்று வந்துவிட்டது. கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்தில் கார்ல் சைஸ் நிறுவனம் செய்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, கிரகம் மறைக்காத நேரத்திலும் அந்த விண்மீனின் ஒளி சட்டென்று மங்கி மீண்டது. அதைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்று தெரியவந்தது அப்படித்தான். இதே யேனா சைஸ்தான் ‘சோனார்’ என்ற 135 மி.மீ. எஃப் 3.5 கேமரா லென்ஸையும் செய்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பழைய லென்ஸைத் தேடிப்பிடித்து, அடாப்டர் போட்டு, முகங்களை எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நானும் சில காலம் வைத்திருந்தேன்.

கோளையும் முகத்தையும் ஒரே தொழிற்சாலைக் கண்ணாடி பார்த்தது என்பதில் எனக்கு ஒரு கிறக்கம் உண்டு. ஆனால் இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. காவலூரில் உட்கார்ந்திருப்பவருக்குக் கால்களால் பயனில்லை. யுரேனஸை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தாலும் படத்தில் ஒன்றும் மாறப்போவதில்லை. அவருக்கு இருப்பதெல்லாம் கண்ணாடிதான். அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. மனித முகத்துக்கு முன்னால் நிற்பவரோ இரண்டடி நகர்ந்தால் முகமே வேறாகிவிடும். இருந்தும் நாம் கண்ணாடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

“போர்ட்ரெய்ட்டுக்கு எந்த லென்ஸ் வாங்கலாம்?” என்று கேட்காத இளைஞர் இல்லை. பதில் தயாராக இருக்கிறது: “எய்ட்டி ஃபைவ் எடுத்துக்கோ.” ஏன் என்று கேட்டால், “மூக்கு பெரிசாத் தெரியாது, பேக்ரவுண்ட் அப்படியே கரைஞ்சு போயிடும்” என்பார்கள். இரண்டு காரணங்களும் பாதி உண்மை. மீதிப் பாதியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மூக்கைப் பெரிதாக்குவது லென்ஸ் இல்லை, தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறக்குறைய 12 செ.மீ. ஆழம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருந்தால் காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும், காதோடு ஒப்பிட மூக்கு 40 சதவீதம் பெருத்துவிடும். ஒரு மீட்டர் தள்ளிப்போனால் இந்த வேறுபாடு 12 சதவீதம். ஒன்றே முக்கால் மீட்டரில் 7. இரண்டே முக்கால் மீட்டரில் 4. அதற்கு மேல் எவ்வளவு பின்வாங்கினாலும் பெரிய லாபமில்லை. 2018-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வும் இதையே சொன்னது: 12 அங்குலத் தூரத்தில் எடுத்த செல்ஃபியில், ஐந்தடியில் எடுத்த படத்தைவிட மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடித் தெரிகிறது. செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சரிசெய்யச் சொல்லி வருகிறவர்களின் தொல்லை தாங்காமல் எழுந்த ஆய்வு அது.

அப்படியானால் லென்ஸ் என்ன செய்கிறது? நம்மை ஓரிடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. 36-க்கு 24 மி.மீ. சென்சார் உள்ள கேமராவை நிமிர்த்திப் பிடித்து, தலையும் மார்பும் அடங்கும்படி எழுபது செ.மீ. உயரத்தைப் படத்தில் நிரப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 மி.மீ. லென்ஸ் என்றால் எழுபது செ.மீ. தூரத்தில், அதாவது கையெட்டும் இடத்தில் நிற்க வேண்டும். 50 என்றால் ஒரு மீட்டர். 85 என்றால் ஒன்றே முக்கால். 135 என்றால் இரண்டே முக்கால். 200 என்றால் நான்கு மீட்டர், குரல் உயர்த்திப் பேச வேண்டிய தூரம். ஆகவே கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வைக்கும் ஒவ்வொரு லென்ஸும் ஓர் இடைவெளி. எதிரில் இருப்பவரோடு எவ்வளவு நெருக்கத்தில் இருக்கப் போகிறோம் என்பதை, அந்த ஆள் யாரென்றே தெரியாமல், முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கி வருகிறோம்.

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966-ல், மனிதர்கள் தமக்குள் விட்டுக்கொள்ளும் தூரங்களை அளந்து ஒரு புத்தகம் போட்டார். 45 செ.மீ. முதல் 1.2 மீட்டர் வரை நண்பர்கள், வீட்டு மனிதர்கள், 1.2 முதல் 3.6 மீட்டர் வரை அலுவல், அறிமுகம், வியாபாரம். அவர் அளந்தது பெரும்பாலும் அமெரிக்கர்களை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் பேருந்தில் காலை நேரத்தில் ஒருமுறை வந்திருந்தால் எண்களைத் திருத்தியிருப்பார். ஆனாலும் அந்த எல்லைக்கோடு சுவாரசியமானது. 50 மி.மீ. அதற்கு இந்தப் பக்கம் நிற்கிறது, 85 அந்தப் பக்கம்.

அழகான முகத்துக்கு உகந்தது என்று இன்று சொல்லும் இந்த ஒன்றரை, இரண்டு மீட்டர் தூரத்தை அழகுக்காகத் தேடியவர்கள் மட்டுமே பயன்படுத்தவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸ் காவல்துறையில் அல்போன்ஸ் பெர்த்தியோன் குற்றவாளிகளைப் படமெடுக்க ஒரு முறையை வகுத்தார். நேர்முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று. நாற்காலிக்கும் கேமராவுக்கும் இடையே மாறாத தூரம், மாறாத அளவு. யார் முகத்தையும் யார் முகத்தோடும் ஒப்பிட வேண்டுமென்றால் மூக்கு பெருக்கக் கூடாதல்லவா!

நம்மூரிலும் மூக்கு முக்கியமான விஷயமாக இருந்தது. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், காலிப்பரும் அளவுநாடாவுமாகத் தென்னிந்தியாவின் தலைகளையும் மூக்குகளையும் அளந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஓர் எண் வரும். அந்த எண்ணை வைத்துச் சாதிகளையும் பழங்குடிகளையும் வரிசைப்படுத்தும் வித்தை அன்று அறிவியல் என்று அறியப்பட்டது. க. ரங்காச்சாரியின் துணையோடு 1909-ல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் படங்கள் நிறைய. நான்காம் தொகுதியில் மலையாளிகள் வருகிறார்கள். கேரளத்தவர் இல்லை, ஜவ்வாது, சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் வாழும், தமிழ் பேசும் மலைமக்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று தங்கள் கதையைச் சொல்பவர்கள். அந்தத் தொகுதிகளின் முகப் படங்களைப் புரட்டும்போது ஒன்று உறுத்துகிறது: பெரும்பாலான படங்களில் மனிதர் பெயர் கிடையாது. சாதிப் பெயர் மட்டும் இருக்கும். முகம் துல்லியம், ஆள் இல்லை.

உருவப்படத்துக்கென்று செய்த முதல் லென்ஸ் இதற்கெல்லாம் எவ்வளவோ முந்தியது. வியன்னாவில் யோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் 1840-ல் கணக்குப் போட்டு வடிவமைத்தார், ஃபோக்ட்லாண்டர் செய்து விற்றார். எஃப் 3.6. அன்றைக்கு இருந்த லென்ஸ்களைவிடப் பல மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டது. நிமிடக் கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அதற்குப் பிறகு வினாடிக் கணக்கில் உட்கார்ந்தால் போதும் என்றானது. உட்கார்ந்திருப்பவரின் கழுத்து வலியைக் குறைப்பதற்காகப் பிறந்ததுதான் பெரிய அபெர்ச்சர். பின்னணியைச் சுழற்றிக் கரைப்பது அதன் குறையாக இருந்தது. இன்று அந்தக் குறைக்காகவே அதே வடிவத்தில் புதிதாகச் செய்து விற்கிறார்கள், வாங்கவும் ஆள் இருக்கிறது.

இந்தக் கரைத்தலில்தான் எனக்கு வழக்கு. 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-ல் திறந்துவைத்து, ஒன்றே முக்கால் மீட்டரில் ஒருவரை எடுத்தால் கூர்மையாக நிற்பது சுமார் மூன்றரை செ.மீ. ஆழம்தான். இமை தெளிவாக இருக்கும், காது கலங்கிவிடும். காதில் தொங்குவது கம்மலா தண்டட்டியா என்று தெரியாது. முதுகுக்குப் பின்னால் சாமை அறுத்த கொல்லை இருந்தாலும் ஒன்றுதான், சென்னைப் பூங்கா இருந்தாலும் ஒன்றுதான். பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு குழம்பு. கோடை விழாவுக்கு ஜமுனாமரத்தூர் வந்துபோகிறவர்கள் எடுத்த ‘மலைமக்கள் முகங்கள்’ பல என் பார்வைக்கு வந்திருக்கின்றன. சுருக்கம் விழுந்த கன்னம், வெற்றிலைக் கறை, ஒரு துளி வெளிச்சம் மின்னும் கண். மலை மட்டும் இல்லை. தர்ஸ்டன் ஆளின் பெயரை விட்டார், இவர்கள் மலையை அபெர்ச்சரால் மறைக்கிறார்கள் என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் அந்த வாரம்தான் ஐம்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து லென்ஸ் வாங்கியிருந்தார். பேச்சு அங்கேயே நின்றது.

ஒரு நுட்பம் மட்டும் சொல்ல வேண்டும். முகத்தைப் படத்தில் ஒரே அளவில் வைத்துக்கொண்டால், 50-ஆக இருந்தாலும் 85-ஆக இருந்தாலும், ஒரே எஃப் எண்ணில் கூர்மையின் ஆழம் கிட்டத்தட்ட ஒன்றேதான். மாறுவது பின்னால் எவ்வளவு இடம் உள்ளே வருகிறது என்பது. நிமிர்த்திப் பிடித்த கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் குறுக்குவாட்டில் 27 டிகிரியைப் பார்க்கிறது, 85 பதினாறை, 135 பத்தை. பத்து டிகிரிக்குள் ஒரு வீட்டின் கூரைகூட அடங்காது. 27 டிகிரியில் வீடு, வாசல், சாய்த்து வைத்த ஏணி, பக்கத்துப் பலாமரம் எல்லாம் வந்து நிற்கும். எஃப் 4, எஃப் 5.6 என்று கொஞ்சம் மூடினால் அவை என்னவென்றும் தெரியும்.

மலையடிவாரத்தில் இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. செங்கம் வட்டாரம் நடுகற்களால் நிறைந்தது. இரா. நாகசாமி பொறுப்பில் தமிழகத் தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் அவற்றைத் தேடித் தொகுத்தது. அவற்றுள் எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காத்து மடிந்தான். அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது. நாயின் பெயர் கோவிவன். கல்லில் வீரன் நிற்கிறான், நாயும் நிற்கிறது, இரண்டு பெயர்களும் எழுத்தில் இருக்கின்றன. வீரனின் மூக்கு எப்படி இருந்தது என்று அந்தக் கல்லைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. சிற்பிக்கு அது முக்கியமாகப் படவில்லை. வில், வாள், நாய், மாடு இவற்றோடு சேர்ந்துதான் ஆள். ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்து ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் தர்ஸ்டன் புத்தகத்தில் முறைத்துப் பார்க்கும் மனிதரின் பெயர் தெரியவில்லை. எது நல்ல போர்ட்ரெய்ட் என்று கேட்டால் நான் கல்லைத்தான் காட்டுவேன். அதிலே எல்லாம் ஒரே கூர்மையில் இருக்கிறது.

நெருங்கி எடுத்த முகத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. மலையிலிருந்து இறங்கினால் திருவண்ணாமலை. ரமண மகரிஷியின் படங்களில் உலகமெங்கும் பூசையறைகளில் இருப்பது 1946-ல் ஜி.ஜி. வெல்லிங் எடுத்த மார்பளவுப் படம். இடம், காலம் எதுவும் கேட்கத் தோன்றாது. பார்க்கிறவரை அது பார்க்கிறது, அவ்வளவுதான். துறவிக்கு அது பொருந்தும். இடத்தை உதறியவருக்கு இடம் எதற்கு? நான்கு ஆண்டுகள் கழித்து, 1950 ஏப்ரலில், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்ட்டியே-பிரசோன் மகரிஷியின் ஆசிரமத்துக்கு வந்தார். ஏப்ரல் 14 இரவு மகரிஷி மறைந்த வேளையில் வானத்தில் ஒரு எரிகொள்ளி கடந்ததைக் கண்டு நேரம் குறித்துக்கொண்டவர் அவர். வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் லைக்காவில் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே மாட்டித் திரிந்தவர். அவருடைய உருவப்படங்களில் ஆளோடு அவருடைய உலகமும் வரும். 1944-ல் எடுத்த மத்தீஸ் படத்தில் ஓவியரைச் சுற்றிப் புறாக்களும் கூண்டுகளும்; 1946-ல் எடுத்த சார்த்தர் படத்தில் பனிமூட்டத்தில் பாரிஸ் பாலம். அந்தப் பாலம் கரைவது பனியால், லென்ஸால் அல்ல. இந்த வித்தியாசத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மலை வீடுகளில் 85 வேறொரு காரணத்தாலும் உதவாது. பழைய கூரை வீடுகளின் தாழ்வாரம் அகலம் குறைவு. உள்ளே போனால் இரண்டடி பின்வாங்கியதும் சுவர் முதுகில் இடிக்கும். இன்னும் அரையடி நகர்ந்தால் ஆள் உயரச் சாமைக் குலுக்கை மேல் சாய்ந்துவிடுவோம். அங்கே 35 தான் கைகொடுக்கும். வெளியே, கூரையின் நிழல் முடிந்து வெயில் தொடங்கும் அந்த ஒரு முழ இடம்தான் மலையிலேயே நல்ல ஸ்டூடியோ. மேலே கூரை வெயிலைத் தடுக்கும், கீழே சாணம் மெழுகிய வாசல் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். கண்ணுக்குள் வாசல் முழுதும் தெரியும். பெரிய அபெர்ச்சருக்கு அங்கே அவசியமே வராது.

அப்படி ஒரு வாசலில்தான் ஒரு பாட்டியைப் படம் எடுக்க அனுமதி கேட்டேன். உட்கார்ந்தார். நான் பழக்கத்தில் பின்வாங்கினேன். 135 மாட்டியிருந்தது, இரண்டே முக்கால் மீட்டர் வேண்டுமே. பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எங்கப்பா போற? இங்க வந்து புடி. அவ்வளவு தூரத்துல நின்னா யாரு, என்னன்னு தெரியுமா?”

முன்னால் வந்து 50 மாட்டினேன். அவருக்கு அதுவும் போதவில்லை. கையைக் காட்டி, “அங்க உக்காரு” என்றார். தரையில், அவருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான இடத்தில். உட்கார்ந்தேன். கேமராவைத் தூக்கியதும் மறுபடி, “இரு கண்ணு, ஆட்டையும் சேத்துப் புடி” என்று எழுந்துபோய், கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்து இழுத்து வந்தார். தூரத்தை அவர் நிர்ணயித்தார், சட்டகத்துக்குள் யார் யார் என்பதையும் அவரே முடிவு செய்தார். எனக்கு மிஞ்சியது பொத்தான். சொல்லப்போனால் லென்ஸையும் அவர்தான் தேர்ந்தெடுத்தார்.

இதை எல்லோருக்குமான விதியாக்க முடியாது. நெருங்கி வருவதை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இளம்பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் நான்கு மீட்டர் தள்ளி நின்று 200-இல் எடுத்துவிட்டு ‘கேண்டிட்’ என்று பெயர் வைப்பது நாகரிகமில்லை. அங்கே சரியான லென்ஸ், மூடி போட்ட லென்ஸ்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மலையில் பலருக்கு இருக்கும் படம் நாம் எடுத்தது இல்லை. ஆதாருக்கு எடுத்தது, ரேஷன் அட்டைக்கு, சாதிச் சான்றிதழுக்கு எடுத்தது. மேசைமேல் வைத்த சிறு கேமரா, பின்னால் வெள்ளைத் திரை, நேரே பார்க்கச் சொல்லும் குரல். பெர்த்தியோனின் நாற்காலி இன்னும் காலியாகவில்லை. வீட்டில் ஒருவர் இறந்துபோனால் அந்தப் படத்தைத்தான் எடுத்துக்கொண்டு கீழே ஸ்டூடியோவுக்கு இறங்குகிறார்கள். மூன்றரைக்கு நாலரை செ.மீ. படத்தைப் பெரிதாக்கி, வெள்ளையை அழித்து, சிவப்புத் திரைச்சீலையோ எந்த நாட்டினதோ தெரியாத ஓர் அருவியோ வைத்து, மாலை போட்டுத் தருவார்கள். ஜமுனாமரத்தூர் பக்கத்திலேயே பீமன் அருவி விழுகிறது. அதன் முன்னால் நிறுத்தி ஒரு படம் யாரும் எடுத்திருக்கவில்லை.

பிரதி போட்டுக் கொடுக்காமல் முகம் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே பாட்டியின் படத்தைக் கீழே ஒரு லேபில் கொடுத்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் கெட்டிக்காரன். நான் சொல்வதற்கு முன்பே படத்தைத் திறந்து, பெரிதாக்கி, முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுவிட்டான்.

“நல்ல முகம் சார். ஆட்டை வெட்டிடட்டுமா?”

“வேண்டாம் தம்பி. ஆடு இருக்கட்டும்.”

“பின்னாடி இருக்கிற வீடு, ஏணி எல்லாத்தையும் பிளர் பண்ணிடலாம் சார். எய்ட்டி ஃபைவ்ல எடுத்த மாதிரியே வந்துடும்.”

“அதுவும் வேண்டாம்.”

“முகம் சின்னதாத் தெரியுமே சார்?”

“பெரிய சைஸா போட்டுடு.”

எட்டுக்குப் பன்னிரண்டு போட்டுத் தந்தான். லேமினேஷனுக்குத் தனிக் காசு.